மிச்ச வாளி

கூட்டுறவுக் கடையில் அரிசி வாங்க வேண்டுமானால், வீட்டில் மிஞ்சிய உணவை முதலில் தராசில் வைக்க வேண்டும். வீணாக்கும் வீட்டுக்கு அளவு குறையும். பெல்சியா வாளியை வைத்தாள். திரையைப் பார்த்த விற்பனையாளர் ஜெனிட்டா குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மூணு வாரமா ஒரு ஆள் சோறு அப்படியே திரும்பி வருது. அட்டையில இருந்து அண்ணன் பேர எடுக்கச் சொல்லுது."

"கடலுக்குப் போன என் வீட்டுக்காரரு வந்துருவாரு. வந்தா பசிக்கும்லா. அதான் தெனமும் ஆக்கி வைக்கேன்."

"நான் என்னக்கா செய்ய? சம்மதம்னு விரல் வச்சாதான் அரிசி விழும்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது.

பெல்சியா வாளியை எடுத்தாள். புளித்த சோற்றை அள்ளி அள்ளி, நின்றபடியே விழுங்கினாள். கடைசிப் பருக்கையையும் வழித்துத் தின்றுவிட்டு, வாளியை மறுபடி தராசில் வைத்தாள்.

"அவரு சாப்பிட்டுட்டாரு. இப்ப நிறு."