கீழே விழுந்த கிட்டார்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் தங்கள் தலையைக் கொஞ்சம் நீட்டினால், அதிலேயே அடித்துச் சத்தியம் செய்து தரப்படும்.

“கீழ விழுந்துடுச்சுங்க” என்றார் மப்ளர்காரர்.

வாத்தியம் பழுதுபார்க்கும் அந்தச் சின்னக் கடைக்காரர் மேஜைமேல் கிடந்த கிட்டாரைப் புரட்டிப் பார்த்தார். உடம்பும் கழுத்தும் சேருகிற இடத்தில் கட்டை முறிந்து, தந்திகளின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு அந்தத் தெருவில் ‘கட்டை வைத்தியர்’ என்று பெயர். முறிவைப் பார்த்தே முழுக்கதையும் சொல்லிவிடுவார். ஒருமுறை உடைந்த வயலினைக் கையில் வாங்கியதுமே, “மாமியாரா?” என்று கேட்டாராம். கொண்டுவந்த மருமகன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

“மனுஷன் சொல்லுவான், கட்டை பொய் சொல்லாது சார்” என்றார் வைத்தியர். “கீழ விழுற கிட்டாருக்குத் தலைப்பக்கம்தான் போகும். இது கழுத்தைப் பிடிச்சு ஓங்கி, ஒரே போடு. யாரோடது?”

“பையனோடதுங்க.”

“அதானே பார்த்தேன்.” வைத்தியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “படிப்பை விட்டுட்டு இதை வாசிக்கப் போறேன்னிருப்பான். வீட்டுல ருத்ரதாண்டவம் நடந்திருக்கும்.”

“நானும் அன்னைக்கு ஒரு வார்த்தை விட்டுட்டேங்க.”

“வார்த்தையை மட்டுமா விட்டீங்க?” வைத்தியர் கிட்டாரின் உடம்புப் பெட்டியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். ஒரு கீறல் இல்லை, ஒரு நசுங்கல் இல்லை. “சுவத்துல அடிச்சிருந்தா பெட்டி சுக்குநூறாயிருக்கும். மெத்துன்னு எதுலயோ பட்டிருக்கு. மெத்தையா?”

மப்ளர்காரர் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “ஆமாங்க. மெத்தைதான்” என்றார்.

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். அதிலும் மனிதர் காதுவரை மப்ளரைச் சுற்றியிருந்தார். கூப்பிட்டால் முகத்தை மட்டும் திருப்ப மாட்டார். பீரோவை நகர்த்துகிற மாதிரி முழு உடம்போடுதான் திரும்புவார். தலைக்கனம் என்று ஒரே பார்வையில் முடிவு கட்டினார் வைத்தியர்.

“பையன் எங்க இப்ப?”

“சிநேகிதன் வீட்டுல இருக்கான். அன்னைக்குப் போனவன்தான். அவங்க அம்மா அழுது கூப்பிட்டதுல வெள்ளிக்கிழமை வர்றேன்னிருக்கான்.” மப்ளர்காரர் முறிவைக் காட்டினார். “உடைஞ்ச தடமே தெரியக் கூடாதுங்க. அது கண்ணுல பட்டா வாசலோட திரும்பிடுவான். அப்புறம் வரவே மாட்டான்.”

“எப்படி வருவான்? பெத்த அப்பன் பண்ற காரியமா இது?”

“தப்புதாங்க.”

வைத்தியர் வேலையில் இறங்கினார். முறிவில் சிலும்பி நின்ற நார்களை ஒவ்வொன்றாகப் படியவைத்தார். சூடான பசையை இடுக்கு விடாமல் இறக்கி, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து இறுக்கிக் கட்டினார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய நிறம் வரும்வரை பாலிஷ் மேல் பாலிஷாக ஏற்றினார்.

மப்ளர்காரர் தினமும் வந்து நின்று பார்த்தார். தினமும் ஓசியில் கொஞ்சம் திட்டும் வாங்கிக்கொண்டார்.

“என் அப்பா என்னை அடிச்சிருக்காரு சார். என் சாமானைத் தொட்டதில்ல. தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளையோட உசிரையே எடுத்து மெத்தையில அடிச்சா, அது விளங்குமா?”

“சரிங்க” என்பார் மப்ளர்காரர். ஒரு தரம்கூடத் தலையை ஆட்ட மாட்டார். வைத்தியருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் கிட்டார் மேஜைமேல் படுத்திருந்தது. முறிவு எங்கே என்று கேட்டால் செய்தவரே தேடத்தான் வேண்டியிருக்கும். வைத்தியர் ஒரு தந்தியைச் சுண்டினார். மப்ளர்காரரின் கண்கள் நிறைந்துவிட்டன.

“கொஞ்சம் தூக்கிக் காட்டுறீங்களா?”

“ஏன், குனிஞ்சு பார்த்தா கிரீடம் விழுந்துடுமோ?” என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தியர் அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அவர் முறிந்த இடத்தைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

“தெரியலைங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. அவன் உள்ள வந்துடுவான்.”

வைத்தியருக்கே மனசு இளகியது. “கட்டையை நான் ஒட்டிட்டேன் சார். மிச்சத்தை நீங்கதான் ஒட்டணும். பையன் வந்ததும் கௌரவம் பார்க்காம மன்னிப்புக் கேட்டுடுங்க. கேப்பீங்களா?”

“கேக்குறேங்க. நானே கேட்டுடுறேன். அவனைக் கேக்க வைக்கக் கூடாது.”

அவர் கிட்டார்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வார், மப்ளரில் சிக்கி, அதைச் சுழற்றி இழுத்துக் கீழே போட்டது.

உள்ளே, தாடையிலிருந்து தோள்வரை, ஆஸ்பத்திரியில் மாட்டி அனுப்புகிற தடித்த கழுத்துப்பட்டை. அதற்கு மேலே காதோரம், தோல் கன்றிக் கறுத்துப்போயிருந்தது.

வைத்தியரின் விரல்கள், முதல் நாள் பெட்டியின் விளிம்பைத் தடவியது போலவே, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. ஒரு கீறல் இல்லை. ஒரு நசுங்கல் இல்லை.

“அப்ப… அன்னைக்கு ஓங்கினது பையனா?”

மப்ளர்காரர் குனிய முடியாமல் குத்துக்காலிட்டு இறங்கி, மப்ளரை எடுத்து அவசரமாகச் சுற்றிக்கொண்டார். முழு உடம்போடு திரும்பி, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

“டாக்டர்கிட்டயும் கீழ விழுந்துட்டேன்னுதாங்க சொல்லியிருக்கேன்.”