வெட்டிய ஓரங்கள்

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய குடும்பப் புகைப்படங்களை வெட்டி ஒட்டி, சுவர் அளவுக்கு ஒரு கொலாஜ் செய்திருந்தான் ஓவியன். கண்காட்சிக்கு வந்த ஒரு பெண் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“இதெல்லாம் எங்க வீட்டுப் படம் தம்பி. வீடு மாத்துறப்போ தெரியாம பழைய பேப்பரோட போயிடுச்சு.”

ஓவியன் பதறினான். “அப்படியாக்கா! உங்க முகத்துல ஒரு கீறல்கூட விழாம ஒட்டியிருக்கேன், பாருங்க.”

“முகம் இருக்கட்டும். ஒவ்வொரு படத்து ஓரத்தையும் ஒரு விரல் மறைச்சிருக்குமே?”

“அத ஏன் கேக்குறீங்க! எடுத்தவருக்குக் கேமரா பிடிக்கவே தெரியல. ஒண்ணு விடாம வெட்டித் தூக்கிப் போட்டுட்டேன்.”

அவள் சுவரையே பார்த்தாள்.

“எல்லாம் எங்க வீட்டுக்காரர் எடுத்தது. எந்தப் படத்துலயும் அவரு நிக்கல. இப்ப அவரும் இல்ல. அவர்னு பாத்துக்க எனக்கு இருந்தது அந்த விரல் மட்டும்தான் தம்பி.”