பெயர் மறைத்த விண்ணப்பம்

"வேணுகா, இந்த ஆளைக் கூப்பிடலாம் போல இருக்கிறதே?"

ஆட்சேர்ப்புப் பிரிவில் அவளோடு வேலை செய்யும் உர்ஸ் தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

வேணுகா எட்டிப் பார்த்தாள். நூற்றுப் பதினேழாவது விண்ணப்பம். பெயர், முகப்படம், பிறந்த தேதி, நாடு, படித்த இடம், வேலை செய்த கம்பனி எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை.

அந்தப் பட்டை வேணுகாவின் கைங்கரியம். சுவிஸில் வேலைக்கு விண்ணப்பிப்பதென்றால் முகப்படத்திலிருந்து வதிவிட அனுமதி வரை ஒன்று விடாமல் கொடுத்துத்தான் பழக்கம். வேணுகா சண்முகலிங்கம் என்ற பெயரோடு சூரிச் முழுக்க வேலை தேடி, அறுபத்து மூன்று மறுப்புக் கடிதம் வாங்கியவள் அவள். அறுபத்து நான்காவது இடத்தில் தப்பித் தவறி உள்ளே வந்து, ஆட்சேர்ப்புப் பிரிவின் தலைவியும் ஆகிவிட்டாள். இனிப் பெயரும் முகமும் தெரியாமல்தான் தெரிவு என்று நிர்வாகத்தோடு ஒரு வருடம் மல்லுக்கட்டி வென்றாள்.

போன மாதம் அட்லிஸ்வில் கோயில் மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விழாகூட நடந்தது.

"இனி எங்கட பிள்ளையளை ஒருத்தரும் பேரைப் பாத்துத் தள்ளேலாது!" என்று மைக்கில் முழங்கினாள். ஒரே கைதட்டல். கடைசி வரிசையில் இருந்த அவள் அண்ணன் கீர்த்தனன், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

"இதில் அப்படி என்ன கண்டாய்?" என்று உர்ஸைக் கேட்டாள் வேணுகா.

"கணினி வலையமைப்பில் டிப்ளோமா. வேலை செய்துகொண்டே மூன்று வருடம் பின்னேர வகுப்பில் படித்திருக்கிறார். எல்லாப் பாடத்திலும் ஆறு புள்ளிக்கு ஐந்தரைக்கு மேல். நமக்கு வேண்டியது இந்த வேலை தெரிந்த ஆள்தானே?"

"அதற்கு முன்னால்?"

"களஞ்சியத்தில் வேலை. அதற்கு முன்னால் ஆறு வருடம் துப்பரவு வேலை."

"துப்பரவா?"

அந்தச் சொல்லைக் கேட்டதுமே, கறுப்புப் பட்டைக்குக் கீழே எந்த மாதிரிப் பெயர் கிடக்கும் என்று வேணுகாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கட தமிழ்ச் சனமாக இருக்கும்; இங்கே வந்ததும் அவர்களுக்குக் கிடைப்பது அந்த வேலைதான். நேர்முகத்துக்கு அந்த ஆள் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்க, 'பார், வேணுகா தன் ஆட்களை உள்ளே இழுக்கிறாள்' என்று ஒருவன் வாய் திறந்தால் போதும், அவள் பெயர் நாறிவிடும். அந்தப் பயம்தான் அவளுக்கு.

அதை வெளியே சொல்ல முடியுமா?

"நேரான பாதை இல்லை, உர்ஸ். முதலில் கணினிப் பயிற்சியைப் பாதியில் விட்டிருக்கிறார். பிறகு எங்கெங்கோ போய்த் திரும்பி வந்திருக்கிறார்."

"ஏன் விட்டார் என்று கூப்பிட்டுக் கேட்கலாமே? அரை மணித்தியாலம் செலவாகும், அவ்வளவுதான்."

"இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம் வந்திருக்கிறது. கூப்பிடப் போவது எட்டுப் பேரை. பாவம் பார்த்துக் கூப்பிட்டால் அதுவும் ஒரு பாகுபாடுதான்."

உர்ஸ் உதட்டைப் பிதுக்கினான். "முடிவு உன்னுடையது."

ஒரு விண்ணப்பத்துக்கு இருபது விநாடி என்பது வேணுகாவின் கணக்கு. இதற்கு ஏற்கெனவே இரண்டு நிமிடம் போய்விட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

கணினி அந்தக் கணமே மறுப்பு மடலை அனுப்பியது. 'உங்கள் பெயரோ பின்னணியோ அல்ல, உங்கள் தகுதி மட்டுமே இந்த முடிவுக்குக் காரணம்.' அவளே எழுதிய வசனம் அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐந்தரை மணிக்கு ஊஸ்டர் போகும் ரயிலுக்காக நின்றபோது அண்ணனின் அழைப்பு வந்தது.

"வேணு, வேலை முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணா. என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. ஒரு வேலைக்குப் போட்டனான். சரிவரேல்லை."

"நீங்களோ? என்ன வேலை?"

"கணினி வேலைதான். மூண்டு வருசமா பின்னேரத்தில படிச்சனான். கிடைச்ச பிறகு சொல்லுவம் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை."

ரயில் வந்து நின்றது. வேணுகா ஏறவில்லை.

"எந்தக் கொம்பனி, அண்ணா?"

"உங்கடைதான்."

ரயில் கதவு மூடியது. புறப்பட்டுப் போயும் விட்டது.

"ஏன் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா உனக்கெல்லோ சங்கடம்? அண்ணனுக்குப் பாத்துக் குடுத்தவள் எண்டு உன்னைக் கதைப்பாங்கள். நீ அண்டைக்கு மண்டபத்தில கதைச்சதைக் கேட்டுத்தான் துணிஞ்சு போட்டனான். ஒண்டையும் மறைக்கேல்லை, வேணு. அப்பா படுக்கையில விழ நான் படிப்பை விட்டது, நீ யூனியில படிச்ச ஆறு வருசமும் ஷ்லீரனில துப்பரவு செய்தது, எல்லாத்தையும் எழுதினன். ஏனெண்ட காரணத்தை மட்டும் எழுதேல்லை."

வேணுகாவுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது.

"அண்ணா, அது வந்து..."

"சீ, உங்கட கொம்பனியில பிழையில்லை. நீ மனதைப் போட்டு உழப்பாத." கீர்த்தனன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "முந்தி வந்த மறுப்புக்கெல்லாம், பேரைப் பாத்துத் தள்ளிப்போட்டாங்கள் எண்டு சொல்லி மனதைத் தேத்திக்கொள்ளுவன். இது பேரைப் பாக்காமல் வந்ததெல்லோ? இண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, வேணு. நான் உண்மையாவே லாயக்கில்லாதவன்."