மாப்பிள்ளை பேன்ட்

கல்யாண பேன்ட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த டெய்லர் சுக்கூர் பாய்க்கு எரிச்சல் தலைக்கேறியது. மாப்பிள்ளை மூன்றாவது தடவையாக அதையே கேட்டான்.

"ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒண்ணு மேல, ஒண்ணு கீழதான் இருக்குமா பாய்?"

"எத்தினி தபா சொல்றது தம்பி! முப்பது வருசமா செஞ்சியில பேன்ட் தைக்கிறேன். ஒருத்தனுக்கும் ரெண்டும் சமமா தொங்குனதில்ல. அதுக்குன்னே ஒரு பக்கம் துணி கூட விட்டு வெட்டுறேன்."

"அப்ப சைஸு?"

"அது மூக்கு மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும்! நம்பலன்னா பெரியாஸ்பத்திரிக்குப் புதுசா வந்திருக்காரே டாக்டரு, அவரப் போயி கேளு. எம் மச்சான் இதே பயத்தோட போனான், சிரிச்சிக்கினே வந்தான். உசுர வாங்காத, ஒம் பேரச் சொல்லு, அளவுச் சீட்டுல எழுதணும்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த டாக்டர் பேரையே எழுதிக்குங்க, பாய்."