கைதட்டாதீர்கள்

கேளுங்கள், பெருமக்களே! ஊரே கொண்டாடும் ஒரு வீட்டில் நடக்கும் அநியாயத்துக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

மறைந்த பெருங்கவிஞர் ஒருவரின் வீடு அது. எழுத்தாளர்கள் வாழ்ந்த தெருக்களைப் பார்க்க வரும் கல்லூரி மாணவர்கள், அதன் கூடத்தில் நின்று அவருடைய பாட்டு ஒன்றை உரக்கப் படிப்பது வழக்கம். கடைசி அடி முடிந்ததும் வழிகாட்டி முதலில் கைதட்டுவார். உடனே எல்லோரும் தட்டுவார்கள்.

அன்று மழை. எல்லோர் கையிலும் நனைந்த குடை. வழிகாட்டி வாசலில் செருப்பை உதறிக்கொண்டிருந்தார். ஒரு மாணவி படித்து முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. பூட்டிக் கிடந்த சமையலறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அதே பாட்டைத் தொடர்ந்து சொன்னது.

"ஏய், நீதானே வாயை மூடிக்கிட்டுப் பாடுற?" என்று படித்த மாணவியைக் கேட்டான் ஒருவன்.

"போடா லூசு! புத்தகத்துல பாட்டு முடிஞ்சிருச்சு" என்றாள் அவள். "சார், உள்ளே யாரு?"

"யாரும் இல்லம்மா. கவிஞரோட தங்கச்சி இருந்தாங்க, சமையல் எல்லாம் அவங்கதான். போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாச்சு."

குரல் நின்றது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது: "அண்ணா, இதையும் எழுதிக்கிட்டீங்களா?"

வழிகாட்டி அவசரமாகக் கைதட்டினார். குடைகளைக் கீழே போட்டுவிட்டு மாணவர்களும் தட்டினார்கள். அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

நாளை உங்கள் பிள்ளைகளும் அந்த வீட்டுக்குப் போவார்கள். சொல்லி அனுப்புங்கள்: பாட்டு முடிந்ததும் கைதட்டாதீர்கள்! அந்தக் கதவருகே உட்காருங்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதி முடித்ததும், அவள் பெயரைக் கேளுங்கள்.