பிரம்பில்லாத வகுப்பு

"இந்த வாரமும் பூஜ்யம்!" என்று மாமனார் வீட்டு மேஜைமேல் நோட்டை விரித்து வைத்தார் ராஜநாயகம் வாத்தியார். பூஜ்யம் வாங்கியதற்காக இவ்வளவு பூரித்துப்போன மனிதரை சைதாப்பேட்டை அதுவரை பார்த்திருக்காது.

அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு மாதம் முழுக்கப் பூஜ்யம்தான்.

"பாவசங்கீர்த்தன நோட்டு முடிஞ்சுதா மாப்பிள்ளே?" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் அவள் அம்மா அல்போன்சா. "இப்படியே போனா உங்களைச் சாமியாராக்கிடுவாங்க. அப்புறம் என் பொண்ணு கதி?"

ஃப்ளோரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு, ராஜநாயகத்தின் பிரம்படியில் சுண்டுவிரல் முறிந்த பையன் ஒருவனை அவன் தாய் அவர்களுடைய மயிலாப்பூர் வீட்டு வாசலுக்கே கூட்டிவந்து காட்டினாள். அன்றைக்கே, இரண்டு மாத வயிற்றோடு, ஃப்ளோரன்ஸ் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இந்தக் கையில என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்" என்றாள். ராஜநாயகம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும், எத்தனை அடி அடித்தார், ஏன் அடித்தார் என்று மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு மாதம் பூஜ்யம் வந்தால் அவள் திரும்பி வருவாள்.

அவரும் எழுதினார். 'பதினான்கு அடி. வகுத்தல் கணக்கை நான் விளங்கச் சொல்லவில்லை. கோபம் பையன்கள்மேல் போயிற்று.' 'ஒன்பது. காலையில் சாப்பிடாமல் போனேன், எரிச்சல்.' ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நோட்டோடு வந்து, பரீட்சை எழுதிய பிள்ளைபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

1935 ஆகஸ்ட் எட்டாம் தேதிப் பக்கத்தைப் படித்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. 'நான் அடிக்க அடிக்க, அடி வாங்கினவனோடு மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். வகுப்பே ஒன்றாகி என்னை வெறுக்கிறது. தப்பு என் முறையில்தான். மாற்றிக்கொள்ள வேண்டும்.' மறுநாளிலிருந்து பூஜ்யம்.

"பொய் எழுதலையே?"

"மாதா சத்தியமா இல்லை, ஃப்ளோரி. பிரம்பை ஒடிச்சு அடுப்புல வெச்சாச்சு. வேணும்னா நீயே வந்து பாரு."

"சொல்லாமத்தான் வருவேன்."

"எப்ப வேணும்னாலும் வா!"

திங்கட்கிழமையே ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பு ஜன்னலுக்குப் பக்கத்தில், உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படாமல் நின்றாள்.

மேஜைமேல் பிரம்பு இல்லை. கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு தரம், நிறுத்தி நிதானமாகப் போட்டுக் காட்டினார் ராஜநாயகம். பிறகு வலியுல்லா என்ற பையனை எழுப்பினார். அவன் விடை வராமல் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃப்ளோரன்ஸின் கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது.

"வரலையாப்பா? சரி, உட்காரு" என்றார் அவர், பூப்போல.

இந்தக் குரலைக் கேட்கத்தானே மூன்று மாதம் ஜெபமாலை உருட்டினாள்! முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியான மணி அடித்தது. வெளியே வந்த ராஜநாயகம் அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன். ஜட்காவை அனுப்பலை. நேரா நம்ம வீட்டுக்கே போயிடலாம்" என்றாள் ஃப்ளோரன்ஸ். "அம்மாவுக்கு ஆள் விட்டுச் சொல்லிக்கலாம்."

ஹெட்மாஸ்டரிடம் அரை நாள் லீவு கேட்டு வர, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார் மனிதர்.

மணி அடித்தும் பையன்கள் ஒருவனும் வெளியே வரவில்லை. என்ன ஒழுங்கு என்று வியந்தபடி ஃப்ளோரன்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லோரும் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். ஒருவன் வலியுல்லா. அவனுக்கு எதிரே நின்றவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான்.

ஃப்ளோரன்ஸ் பதறிப்போய் அவன் தோளைத் தொட்டாள். "ஏண்டா கண்ணு அழறே? உன்னை யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கலம்மா. சார் இப்பல்லாம் அடிக்கிறதே இல்ல" என்று மூக்கை உறிஞ்சினான் அவன். "கணக்கு வராதவனை அவன் கூட்டாளிதான் அடிக்கணும். வலியுல்லா என் கூட்டாளிம்மா."