துணி மூடிய தட்டு

மாலை மூன்று ஐம்பதுக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. டாக்டர் கையில் ஸ்டீல் தட்டு இருந்தது.

"குருபாதம் வீட்டுக்காரங்க யாரு?"

மனைவி செண்பகவல்லி எழுந்தாள். கொழுந்தன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்களே பாருங்க மதினி. எனக்குக் கிறுகிறுன்னு வருது."

டாக்டர் பச்சைத் துணியை விலக்கினார். கணையத்தின் வால்நுனியோடு எலுமிச்சை அளவில் ஒரு கட்டி.

"வயித்தக் கிழிக்கல, நாலு சின்ன ஓட்டைதான். ஒட்டியிருந்த மண்ணீரலையும் காப்பாத்திட்டோம்."

"கேன்சர் இல்லல்ல டாக்டர்?"

"லேபுக்கு அனுப்பணும், பத்து நாளாகும். மண்ணீரல் பத்திரமா இருக்கும்மா, அதுவே பெரிய விஷயம்." அவர் துணியை இழுத்து மூடினார்.

அவள் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்ணீரல் இருக்கட்டும் டாக்டர். கண்ணால பாத்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"